வண்டி ரேடியோவில் நம் பாட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதியைத்தான் கேட்கின்றன. போனில் இருக்கிற பாட்டை வண்டியில் இருக்கிற ரேடியோவில் கேட்பது எப்படி? ரங்கூனில் முப்பத்தொரு வருடமாக வண்டி ஒயரிங் வேலை செய்கிறேன். இதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இன்ஜினைச் சரிசெய்து கொடுத்தால் வண்டிக்காரர் காசு கொடுத்துவிட்டுப் போவார். நின்றுபோன பாட்டை மறுபடி பாட வைத்துக் கொடுத்தால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பாட்டு கேட்டுவிட்டுத்தான் போவார். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, போன வருடம் கைமாறி வந்த டொயோட்டா ப்ரோபாக்ஸ் வண்டி ஒன்று வாங்கினேன். லைட்டர் துளையில் செருகி, போன் பாட்டை எஃப்.எம். அலையாக ரேடியோவுக்கு அனுப்புகிற டிரான்ஸ்மிட்டரும் வாங்கினேன். அதில் 98.5 என்று காட்டுகிறது. ரேடியோவை எவ்வளவு திருகினாலும் 90.0-ஐத் தாண்டாமல் மறுபடி 76.0-க்கே வந்துவிடுகிறது. ரேடியோ கெட்டுவிட்டது, வேறு செட் போடவேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
— ஒரு வாசகர், பெகு

தம்பி, உங்கள் ரேடியோ நன்றாக இருக்கிறது. யாரையும் கழற்ற விடாதீர்கள்.

ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்புக்கு ஒதுக்கிய இடம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டிலும் இந்தியா, மலேசியா போன்ற நாடுகளிலும் அது 87.5-இலிருந்து 108 வரை. ஜப்பானில் 90-க்கு மேலே இருந்த இடத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்திருந்தார்கள். 1, 2, 3 எண் சேனல்கள் 90-க்கும் 108-க்கும் நடுவில்தான் ஓடின. பழைய முறைத் தொலைக்காட்சியை அவர்கள் 2011 ஜூலையில் நிறுத்தினார்கள். நிலநடுக்கம் பாதித்த மூன்று மாகாணங்களில் மட்டும் 2012 மார்ச் வரை ஓடியது. அதற்குப் பிறகுதான் 90-க்கு மேலே இடம் காலியானது. 2014-லிருந்து 95 வரைக்கும் வானொலிக்குத் திறந்துவிட்டார்கள். அதனால் பிறகு வந்த செட்டுகள் 95 வரை போகும். உங்கள் வண்டியில் இருப்பது அதற்கு முந்தியது. அது 90-இல் நிற்கத்தான் வேண்டும்.

2011-இல் நாற்பது வருடத்துப் பழைய வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்க அனுமதி என்று திட்டம் வந்ததிலிருந்து ரங்கூன் தெருவெல்லாம் ஜப்பான் வண்டி. 1970-இலேயே நாம் சாலையின் வலது பக்கம் மாறிவிட்டோம். இந்த வண்டிகளுக்கோ ஸ்டீயரிங்கும் வலது பக்கம். எதிரே வருகிற வண்டி தெரியாமல் முந்துவதற்கு எவ்வளவு சிரமப்படுகிறோம்! ஆனாலும் ஸ்டீயரிங் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, அது வேறு ஊர் சாலைக்குச் செய்தது என்று புரிந்துகொள்கிறோம். ரேடியோவும் அப்படித்தான். வேறு ஊர் காற்றுக்குச் செய்தது.

உங்கள் ரேடியோவும் டிரான்ஸ்மிட்டரும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது: 87.5-இலிருந்து 90.0 வரை. புள்ளி ஒன்று புள்ளி ஒன்றாக எண்ணினால் 26 இடம். (சில டிரான்ஸ்மிட்டர்கள் 88.1-இல்தான் தொடங்கும், வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.) இதிலும் ரங்கூன் பக்கம் வந்தால் 89.0-இல் சிட்டி எஃப்.எம். உட்கார்ந்திருக்கிறது. அதை ஒட்டிய 88.8-இலிருந்து 89.2 வரை உங்களுக்கு ஆகாது. மற்ற நிலையங்களையும் நீங்களே காதால் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வழி சொல்கிறேன்.

டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ரேடியோவை மட்டும் போடுங்கள். 87.5-இலிருந்து ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி நின்று கேளுங்கள். பேச்சும் பாட்டும் துளிகூட இல்லாமல், அரிசி களைகிற மாதிரி ஒரே சீரான இரைச்சல் மட்டும் வருகிற எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். இதை வீட்டு வாசலில் ஒரு தடவை செய்யுங்கள். ரங்கூனுக்கு வரும்போது வழியில் வண்டியை ஓரம் நிறுத்தி ஒரு தடவை, ரங்கூனுக்குள் வந்ததும் ஒரு தடவை. மூன்று பட்டியலிலும் இருக்கிற எண்தான் உங்களுடையது. என் வாடிக்கையாளர்களுக்கு அந்த எண்ணைச் சின்னச் சீட்டில் எழுதி வெயில் மறைப்பின் உள்பக்கம் ஒட்டிக் கொடுப்பேன்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், எஃப்.எம். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு அலை வந்தால் பலமானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட சமபலமாக இருந்தால்தான் சண்டை: ஒரு நொடி உங்கள் பாட்டு, ஒரு நொடி செய்தி, நடுவில் கர்ரென்று சத்தம். உங்கள் டிரான்ஸ்மிட்டர் ரொம்ப மெல்லியது. பெகுவில் அது ஜெயிக்கிற எண்ணில், ரங்கூன் கோபுரத்தை நெருங்க நெருங்கத் தோற்றுப்போகும். பலர் இதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள்.

கண்ணாடித் தூணில் இழுத்து நீட்டுகிற ஏரியல் உள்ள வண்டியானால், பாட்டு கேட்கும்போது அதை உள்ளே தள்ளிப் பாருங்கள். வெளி நிலையங்கள் மங்கும், உங்கள் டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே இருப்பதால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். போனில் சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் வைக்காதீர்கள். முழுக்க ஏற்றினால் நாதஸ்வரம் கிழிந்த துணி மாதிரி கேட்கும். சத்தம் வேண்டுமென்றால் ரேடியோ பக்கம் ஏற்றுங்கள்.

கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியும் கிடைக்கிறது. ஏரியல் ஒயருக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டுவது. வருகிற அலையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்குகிற பெட்டி என்றால் 98.5 உங்கள் ரேடியோவில் 86.5-இல் கேட்கும். கடைக்காரர் சொல்லாத ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ரேடியோவின் சன்னல் 14 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான், நம் நாட்டு எஃப்.எம். 20.5 அகலம். எப்படித் தள்ளினாலும் முழுவதும் அடங்காது. 12 இறக்கினால் 88-இலிருந்து 102 வரை கேட்கும், அதற்கு மேலே இருப்பது போய்விடும். 14 இறக்கினால் 89.0 என்பது 75.0 ஆகிவிடும். ரேடியோ 76-இல்தான் தொடங்குகிறது, ஆகவே சிட்டி எஃப்.எம். கேட்காது. வெளி நிலையங்களும் வேண்டுமென்றால் கணக்குப் போட்டு வாங்குங்கள். போன் பாட்டு மட்டும் போதுமென்றால் இந்தச் செலவே வேண்டாம். சீட்டும் பென்சிலும் போதும்.

ஐயா, அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருடைய பழைய கரோலாவை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். அதில் கேசட் போடுகிற வாயும், அதன் கீழே எம்.டி. என்று எழுதிய சின்ன வாயும் இருக்கின்றன. போனிலிருந்து அவருக்குத் தேவாரம் கேட்க வைக்க ஆசை. கேசட் மாதிரியே இருந்து அதிலிருந்து ஒயர் வருகிற பொருள் ஒன்றைக் கடையில் பார்த்தேன். போட்டால் செட் கெட்டுவிடுமா?
— ஒரு வாசகி, ரங்கூன்

கெடாது அம்மா. தைரியமாக வாங்குங்கள். நான் சொல்வேன், காற்று வழியாகப் போகிற டிரான்ஸ்மிட்டரைவிட இதில்தான் சத்தம் சுத்தமாக வரும். எந்த ஊரில் ஓட்டினாலும் எந்த நிலையமும் குறுக்கே வராது.

கேசட் செட்டுக்குள் ஹெட் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. நாடாவில் காந்தமாகப் பதிந்திருக்கிற பாட்டை அதுதான் படிக்கிறது. நீங்கள் பார்த்த அந்தப் பொருளில் நாடா கிடையாது. நாடா வந்து உரசுகிற இடத்தில் இன்னொரு ஹெட்டை வைத்திருக்கிறார்கள். போனிலிருந்து வருகிற மின்சாரம் அந்த ஹெட்டில் காந்தமாக மாறுகிறது, செட்டின் ஹெட் அதை நாடா என்று நம்பிப் படிக்கிறது. நாடா சுற்றாவிட்டால் செட் 'முடிந்துவிட்டது' என்று நினைத்துத் துப்பிவிடும் அல்லவா? அதற்காக உள்ளே சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவரை நினைத்து நான் எத்தனையோ தடவை சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சில செட்டுகள் போட்ட இரண்டு விநாடியில் பக்கத்தை மாற்றி மாற்றி டக் டக் என்று அடிக்கும். பல்சக்கரம் இறுகிப்போனதுதான் காரணம். சக்கரத்தைச் சுண்டு விரலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் போடுங்கள். அப்படியும் அடித்தால் வேறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒயர் வாயின் எந்த ஓரத்தில் வெளியே வருகிறது என்பதையும் பாருங்கள். மூடி அதை நசுக்கக் கூடாது.

போடுவதற்கு முன்னால் ஒரு வேலை: ஹெட்டைத் துடையுங்கள். மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். பஞ்சுக் குச்சியில் நனைத்து, செட்டை அணைத்துவிட்டு, வாய்க்குள் தெரிகிற பளபளப்பான துண்டில் மெதுவாகத் தடவுங்கள். பஞ்சு காவி நிறத்தில் வரும். அது பத்து இருபது வருடத்து நாடாப் பொடி. இரண்டு மூன்று குச்சியில் நிறம் வருவது நின்றுவிடும். அதற்குப் பிறகு தேவாரத்தைப் போட்டுப் பாருங்கள், ஜாலரா தனியாக மின்னும்.

என் அப்பாவும் இப்படித்தான். சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடித்து, ரேடியோ முன்னால் கேசட் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் இருமக் கூடாது என்று சொல்லிப் பதிவு செய்வார். அந்த நாடாக்களில் பாட்டோடு மழைச் சத்தமும் அம்மா பாத்திரம் வைக்கிற சத்தமும் இருக்கின்றன. உங்கள் அப்பாவிடமும் அப்படி ஏதாவது நாடா இருந்தால், ஹெட்டையும் நாடாவை ஓட்டுகிற ரப்பர் உருளையையும் துடைக்காத செட்டில் அதைப் போடாதீர்கள். அழுக்குப் படிந்த உருளை நாடாவை இழுத்துச் சுருட்டிவிடும். முதலில் அதை ஒரு நல்ல பிளேயரில் ஓட்டி, கணினிக்கு ஒயர் கொடுத்துப் பதிவு செய்து போனில் ஏற்றிவிடுங்கள். பிறகு அப்பா தம் பழைய நாடாவையே அந்தப் பழைய செட்டில் கேட்பார். நாடா அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

கீழே இருக்கிற எம்.டி. வாய் மினிடிஸ்க் போடுவதற்கு. சோனி 1992-இல் கொண்டுவந்தது. ஜப்பானில் ரொம்பக் காலம் வண்டிகளில் இருந்தது, நம் ஊரில் கடைகளில் பரவவே இல்லை. 2013-இல் சோனி அந்தப் பிளேயர்களை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அதை லேசர் ஒளி படிக்கிறது. கேசட்டை ஏமாற்றுகிற மாதிரி அதை ஏமாற்ற வழியில்லை. பேரப்பிள்ளைகள் அதில் நாணயம் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற கேசட்டும் அதே பெட்டிதான்.

போனையும் செட்டையும் இணைக்கிற ஆக்ஸ் ஒயரில் போனை மாட்டினால் தனியாக நன்றாகப் பாடுகிறது. சார்ஜரையும் செருகினால் 'ஙீ' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறுகிறது. ஸ்பீக்கரை மாற்றினேன், போகவில்லை.
— ஒரு வாசகர், மோல்மின்

ஸ்பீக்கருக்குச் செலவழிப்பதற்கு முன் எழுதியிருக்கலாமே ஐயா. ஸ்பீக்கர் நிரபராதி. போன் இப்போது வண்டியோடு இரண்டு வழியில் எர்த் ஆகிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டது. இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிப்பது ஆல்டர்னேட்டர். அது கொடுக்கிற மின்சாரத்தில் எப்போதும் ஒரு சின்ன அதிர்வு இருக்கும். அது அந்த வளையத்தில் ஓடிப் பாட்டுக்குள் நுழைகிறது. இன்ஜின் வேகம் கூடினால் சத்தத்தின் சுருதியும் கூடுவது அதனால்தான்.

சார்ஜரை உருவிவிட்டு பவர் பேங்கில் சார்ஜ் போட்டுப் பாருங்கள். சத்தம் அடியோடு நின்றால் நான் சொன்னதுதான். பவர் பேங்கையே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டு வாங்கி ஆக்ஸ் ஒயரின் நடுவில் போடுங்கள். விரல் நீளம்தான் இருக்கும். உள்ளே குண்டுமணி அளவு டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு. பாட்டைக் காந்தமாகக் கடத்தும், செம்பு வழியை அறுத்துவிடும். மலிவானதில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் மெலியும். கடையில் உங்கள் பாட்டையே போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

போன் எதுவுமே மாட்டாமல், ரேடியோ மட்டும் போட்டாலும் அந்தச் சத்தம் வந்தால் அது வேறு விஷயம். ஆல்டர்னேட்டருக்குள் டையோடு போயிருக்கலாம், பேட்டரியின் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாட்டு போட்டால் வயலின், தபலா எல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. போன் கெட்டுவிட்டதா?
— ஒரு வாசகர், தட்டோன்

ஆக்ஸ் பின்னை இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

அந்தப் பின்னில் இடது, வலது, எர்த் என்று மூன்று வளையம். எர்த் தொடாமல் போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்கு வரும். பாடகர் குரலை ஒலிப்பதிவில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக நடுவில் வைப்பார்கள், அதனால் அது கழிந்துபோகிறது. ஓரத்தில் வைத்த வாத்தியங்கள் மிஞ்சுகின்றன. அழுத்தியும் சரியாகவில்லை என்றால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது மைக்குக்கும் சேர்த்து நாலு வளையம் உள்ள பின்னைப் போட்டிருக்கிறீர்கள். மூன்று வளையம் உள்ள சாதாரண ஒயரை மாட்டிப் பாருங்கள். போன் மூடியுறை தடித்து, பின்னை முழுக்க உள்ளே போக விடாததையும் பார்த்திருக்கிறேன்.

பென் டிரைவில் பாட்டுகளை வரிசையாகத்தான் போட்டேன். செட் தன் இஷ்டத்துக்குப் பாடுகிறது. பெயரும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.
— ஒரு வாசகி, ரங்கூன்

பல செட்டுகள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, பென் டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். இடையில் அழித்து அழித்துப் போட்டால் வரிசை கலைந்துவிடும். எல்லாவற்றையும் கணினியில் எடுத்து வைத்துவிட்டு, பென் டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்து, 001, 002 என்று எண்ணிட்டு முதலிலிருந்து வரிசையாக ஏற்றுங்கள். 32 ஜி.பி.க்கு மேற்பட்டது வாங்காதீர்கள். பெரியவை வேறு முறையில் ஃபார்மட் ஆகி வரும், பழைய செட் படிக்காது. 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்.பி. பிடிக்கும். 8 ஜி.பி. இருந்தாலே நூறு மணி நேரத்துக்கு மேல் பாடும்.

கட்டம் தெரிவதற்குக் காரணம், அந்தச் செட்டுக்குள் தமிழ் எழுத்தே வைக்கவில்லை. அதற்கு மருந்து இல்லை அம்மா. எண்ணும் பாட்டின் முதலடியும் ஒரு நோட்டில் எழுதி வண்டியில் வையுங்கள்.

புளூடூத்தில் போன் சேருகிறது, பேச்சு கேட்கிறது, பாட்டு மட்டும் வரவில்லை.
— ஒரு வாசகர், மண்டலே

பேச்சுக்கும் பாட்டுக்கும் புளூடூத்தில் தனித்தனி வழி. பழைய வண்டிகளில் பேச்சு வழி மட்டும் வைத்திருப்பார்கள். முதலில் போனின் புளூடூத் அமைப்பில் வண்டியின் பெயரைத் தொட்டு, 'மீடியா ஆடியோ' அணைந்திருக்கிறதா பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் செட்டில் வசதி இல்லை. ஆக்ஸ் துளையில் செருகுகிற சின்ன புளூடூத் ரிசீவர் வாங்கிக்கொள்ளுங்கள்.

லாரியில் டிரான்ஸ்மிட்டரைச் செருகியதும் புகை வந்துவிட்டது.
— ஒரு வாசகர், பெகு

கார் 12 வோல்ட், லாரி 24 வோல்ட். பின்பக்கம் 12-24 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். ஃப்யூஸையும் பார்த்துவிடுங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் போடுங்கள், கம்பியைச் சுற்றிப் போடாதீர்கள்.

அண்ணே, பெரிய ஸ்கிரீன் உள்ள செட் போடலாம் என்று இருக்கிறேன். பழைய செட்டின் கனெக்டரை வெட்டிவிட்டு ஒயரை முறுக்கி ஒட்டிக் கொடுத்துவிடுவோம், அரை மணி நேர வேலை என்கிறார்கள். சரியா?
— ஒரு வாசகர், ரங்கூன்

தம்பி, ஸ்கிரீன் போடுவது உங்கள் விருப்பம். கனெக்டரை வெட்ட விடாதீர்கள். இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

வெட்டிய கனெக்டரைத் திரும்ப ஒட்ட ஒரு நாள் ஆகும். அந்த வண்டிக்கென்றே செய்த மாற்றுக் கனெக்டர் தனியாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் வண்டியின் ஒயரில் அப்படியே அமரும், மறு பக்கம் புதுச் செட்டின் ஒயர்கள். மஞ்சள் எப்போதும் பேட்டரியில் இருப்பது, சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நாலும் ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி ஒன்று உண்டு. அந்தக் கோடு போட்டதை எர்த் என்று நினைத்து வண்டி உடம்பில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் போய்விடும். ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயருமே செட்டிலிருந்துதான் போக வேண்டும்.

இன்னொன்று. ஜப்பானிலிருந்து வந்த செட்டில் வரைபடத் திரை இருந்தால், வேலைக்காக பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் கேளுங்கள். சில செட்டுகள் மின்சாரம் ஒருமுறை அறுந்தால் ஜப்பான் வரைபட அட்டையைக் கேட்டு, ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே பூட்டிக்கொள்ளும். என் சொந்த வண்டிக்கே இது நடந்தது. வேறு ஒரு இடத்தில் பேட்டரி மாற்றக் கொடுத்தேன். திரும்பி வரும்போது ரேடியோ கூட வரவில்லை. பூட்டைத் திறக்க ஆள் தேடி மூன்று வாரம் அலைந்தேன். அந்த மூன்று வாரமும் காலையில் கடைக்குப் போகிற இருபது நிமிடம் வண்டிக்குள் சத்தமே இல்லை. அதிலிருந்து, எந்த வண்டி வந்தாலும் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் வேறு ஒரு பேட்டரியைப் பக்கவாட்டில் இணைத்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். உங்கள் வேலையாளையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

பழைய செட்டை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வையுங்கள். அதன் பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளை இருந்தாலும் இருக்கும். அதில் வெள்ளையும் சிவப்பும் பாட்டு உள்ளே போகிற வழி. அதைப் பார்த்தபின் பலர் புதுச் செட் வேண்டாம், இரண்டு ஒயர் இழுத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கரண்ட் இல்லாத இரவுகளில் வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டு கேட்கிறோம். காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. எவ்வளவு நேரம் கேட்கலாம்?
— ஒரு குடும்பம், ரங்கூன்

பேட்டரியின் வயதைப் பொறுத்தது. நேரத்தை நம்பாதீர்கள், லைட்டரில் செருகுகிற சின்ன வோல்ட் மீட்டரை நம்புங்கள். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும். 12.2-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். சாவியை ஏ.சி.சி. என்று எழுதிய நிலையில் மட்டும் வையுங்கள், அடுத்த நிலைக்குத் திருப்பினால் இன்ஜினைச் சேர்ந்ததெல்லாம் விழித்துக்கொண்டு மின்சாரம் குடிக்கும். கதவைத் திறந்து வைத்தால் உள் விளக்கை அணையுங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்கவே கூடாது, புகை உயிரை எடுத்துவிடும்.

தம்பி, என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம் ஆகிறது. கோயிலில் திருப்புகழ் பாடியதை என் மகன் அவருடைய போனில் பதிந்து வைத்திருந்தான். அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியில் போட்டால் மற்ற பாட்டெல்லாம் வருகிறது, அது மட்டும் வருவதில்லை. வீட்டில் போனில் கேட்டால் கேட்கிறது. காரில் பீலிக்கான் கோயிலுக்குப் போகும்போது கேட்க ஆசை.
— ஓர் அம்மா, ரங்கூன்

அம்மா, பதிவு நன்றாகத்தான் இருக்கிறது. பயப்படாதீர்கள். போனில் இருக்கிற ரெக்கார்டர் பெரும்பாலும் எம்.பி.3-ஆகப் பதிவு செய்வதில்லை. பழைய போன் என்றால் ஏ.எம்.ஆர்., பிறகு வந்தவை எம்.4.ஏ. என்று வேறு வகையில் பதியும். வண்டிச் செட்டுக்கு அந்த வகை தெரியாது, அதனால் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. மகனிடம் சொல்லி ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதைத் திறக்கச் சொல்லுங்கள். இந்த வகைகளைத் திறக்க எஃப்.எஃப்.எம்பெக் என்ற துணை மென்பொருளும் வேண்டும், அதுவும் இலவசம்தான். பிறகு எம்.பி.3-ஆகச் சேமித்தால் போதும்.

அப்படியே இன்னும் இரண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். கோயிலில் எட்ட நின்று பதிந்தது மெல்லிசாகத்தான் இருக்கும், டயர் சத்தத்தில் அமுங்கிவிடும். அந்த மென்பொருளில் 'நார்மலைஸ்' என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால், பதிவில் இருக்கிற உச்சச் சத்தம் எல்லை வரை வந்து நிற்கிற அளவுக்கு முழுவதையும் ஏற்றிவிடும். நடுவில் மணி அடித்திருந்தால் அந்த மணியே உச்சமாகிவிடும், குரல் ஏறாது. மணி அடிக்கிற இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தணித்துவிட்டு, பிறகு ஏற்றச் சொல்லுங்கள். இரைச்சல் நீக்குகிற கருவியைத் தொட வேண்டாம். அது இரைச்சலோடு சேர்த்து அவர் மூச்சு வாங்குகிற இடங்களையும் வழித்துவிடும். தகரக் குரலாகிவிடும்.

முக்கியமானது: இதெல்லாம் நகலில் செய்ய வேண்டும். அசல் பதிவு அந்தப் போனில் அப்படியே இருக்கட்டும். இன்னொரு பிரதி மகனுடைய கணினியில், இன்னொன்று வெளியூரில் இருக்கிற யாராவது ஒரு பிள்ளையிடம். பழைய போனை அணைத்துப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். பேட்டரி உப்பிவிடலாம், பிறகு திறப்பது கஷ்டம். இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

மகனுக்கு முடியவில்லை என்றால் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். முகவரி பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது. பதினைந்து நிமிட வேலை. உங்கள் வண்டியையும் கொண்டுவாருங்கள், அதே செட்டில் போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.